உறைந்த ஏரியில் தூண்டில் போட ஆசை: சர்க்கரை நோயாளி போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 61, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பல வருடமாகச் சர்க்கரை நோய். மெட்போர்மினும் கிளிக்லாசைடும் சாப்பிடுகிறேன். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். வார இறுதியில் பாத்து மவுங் பக்கம் தூண்டில் போடுவதுதான் பொழுதுபோக்கு. ஜனவரியில் மகளைப் பார்க்கக் கனடா போகிறோம். சிம்கோ ஏரியில் ஐஸைத் துளைத்து மீன் பிடிக்கலாம் வாங்க மாமா என்கிறார் மருமகன். என் மனைவி பயப்படுகிறாள். போன தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தோடு வெறுங்காலில் நடந்தபோது பாதத்தில் கொப்புளம் வெடித்தது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபின் அவள்தான் பார்த்துச் சொன்னாள். நான் போகலாமா?

பதில்: போகலாம் ஐயா, ஆனால் முதலில் அந்தக் காலைக் காட்டிவிட்டுப் போங்கள். கொப்புளம் வெடித்தும் வலி தெரியவில்லை என்றால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அரசாங்க கிளினிக்கில் கேட்டால் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். தூண்டிலில் கட்டும் தங்கூசி மாதிரியே இருக்கும், உங்களுக்குப் பழகிய பொருள்தான்! கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். கூடவே கணுக்கால் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு மிகவும் பலவீனம், அல்லது பாதத்தில் ஆறாத புண் இருக்கிறது என்றால் இந்த முறை ஏரி வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார்? குளிர் கடிக்கும்போது சாதாரணக் கால் முதலில் வலிக்கும், ஊசி குத்துவதுபோல் இருக்கும், அப்புறம்தான் மரத்துப்போகும். அந்த வலிதான் ஆளை உள்ளே ஓட வைக்கிறது. உங்கள் காலுக்கு அது வராமலே போகலாம். அதிலும் இது ஒரே இடத்தில் உட்கார்ந்து, துளையைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் காத்திருக்கும் வேலை. டொராண்டோவுக்கு வடக்கே உள்ள அந்த ஏரியில் ஜனவரியில் மைனஸ் 10, சில நாள் மைனஸ் 20 டிகிரி கூட இருக்கும். பினாங்கில் 24 டிகிரிக்கே நாம் போர்வை தேடுவோம்.

அதனால் வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்யட்டும். ஐஸ் மேல் வாடகைக்குச் சூடான குடில்கள் கிடைக்கும். மருமகனிடம் அப்படி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது காலணியைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். நம் கறுத்த தோலில் வெளுப்பு சட்டென்று தெரியாது; சாம்பல் பூத்த நிறமா, தொட்டால் கெட்டியா என்று பார்க்க வேண்டும். பருத்திக் காலுறை வேண்டாம், ஈரமானால் காயாது. கம்பளிக் காலுறை போட்டு, விரல் அசைய இடமுள்ள காலணி வாங்குங்கள். இறுக்கிப் போட்டால் இரத்தம் ஓடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மரத்த காலுக்குச் சூடும் தெரியாது. காலணிக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலமும், ஹீட்டருக்குப் பக்கத்தில் கால் நீட்டுவதும் உங்களுக்கு ஆகாது. வெந்த பிறகுதான் தெரியும். விரல் உறைந்தது போலிருந்தால் தேய்க்காதீர்கள். திரும்ப உறையாத இடத்துக்குப் போய், 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வையுங்கள். வெப்பமானி இல்லையென்றால் மகள் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும், உங்கள் காலால் சோதிக்க வேண்டாம். பிறகு நேரே மருத்துவமனை.

குடிலுக்குள் கேஸ் ஹீட்டர் எரியும்போது காற்றுத் துவாரத்தை அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல் வந்தால் "பிரஷர் ஏறிவிட்டது" என்று உட்கார்ந்திருக்காமல் எல்லோரும் வெளியே வாருங்கள்.

கிளிக்லாசைட் சர்க்கரையைத் திடீரென்று இறக்கும். நடுக்கம் வந்தால் குளிரா, சர்க்கரை இறக்கமா என்று குழப்பம் வரும். சந்தேகம் என்றால் உடனே இனிப்பு. சோதனைக் கருவியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்; கடுங்குளிரில் அது வேலை செய்யாது. வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஐஸைத் துளைக்கும் வேலையை மருமகனே செய்யட்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அதோடு திடீர் உழைப்பும் சேர்ந்தால் இதயத்துக்குச் சுமை. இங்கேயே பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறதா? அப்படியானால் பயணத்துக்கு முன் இதயப் பரிசோதனை கட்டாயம். விஸ்கி உடம்பைச் சூடாக்கும் என்பார்கள். தோல்தான் சூடாகும், உள் வெப்பம் வெளியேறிவிடும். கிளிக்லாசைடோடு சேர்ந்தால் சர்க்கரையும் இறங்கும். தொடாதீர்கள்.

ஐஸின் கனத்தைக் குடில் நடத்துபவரிடம் கேட்காமல் கால் வைக்க வேண்டாம். நடக்கவே குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிந்த ஐஸ் வேண்டும். வெண்மையான ஐஸ் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு.

மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் கொண்டு போங்கள். பாதப் பரிசோதனையை டிசம்பர் வரை தள்ளாமல் இந்த மாதமே முடித்துவிடுங்கள்; புண் எதுவும் இருந்தால் ஆறுவதற்கு நாள் வேண்டும்.