தொட்டியில் உருளைக்கிழங்கு: கார்த்திகை நடவுக்கு முன் சில கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி உருளைக்கிழங்கைப் பற்றியவை. டெல்டாவில் அதை நடுவதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால், ஒருவருக்குச் சொல்வது எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

*சமையலறைக் கூடையில் முளைவிட்ட கிழங்கை நடலாமா? — கும்பகோணம்*

நடலாம். முளை குட்டையாக, தடிப்பாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். நூல் போல வெள்ளையாக நீண்டிருந்தால் கிள்ளிவிட்டு, நிழலும் வெளிச்சமும் உள்ள இடத்தில் பத்து நாள் பரப்பி வையுங்கள். புது முளை தடித்து வரும். சுருங்கிய கிழங்கு, கரும்புள்ளி விழுந்த கிழங்கு, அழுத்தினால் அமுங்கும் கிழங்கு வேண்டாம். முட்டை அளவுள்ள முழுக்கிழங்காகவே எடுங்கள். துண்டு போட்டு நடுவது வறண்ட ஊருக்குச் சரி. நம் கார்த்திகை ஈரத்தில் வெட்டு வாய் ஆறுவதற்குள் அழுகிவிடும்.

*‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பெரியவர்கள் சொன்னபடி ஆடிப்பெருக்கு அன்று பத்துப் பைகளில் நட்டேன். செடி இடுப்பளவு வளர்ந்தது. புரட்டாசிக் கடைசியில் கொட்டிப் பார்த்தால் பைக்கு நாலு, அதுவும் கோலிக்குண்டு அளவில். பொட்டாஷ் போதவில்லையா? — மன்னார்குடி*

பொட்டாஷில் குறையில்லை. நட்ட மாதம்தான் தவறு.

ஆண்டுதோறும் இந்தக் கடிதம் வருகிறது, ஆண்டுதோறும் இதே பதிலை எழுதுகிறேன். ஆடிப்பட்டம் என்பது கத்தரி, வெண்டை, அவரை, பூசணி, பீர்க்கன் போன்ற நம் மண்ணுக்குப் பழகிய காய்களுக்குச் சொன்ன கணக்கு. உருளை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்த பயிர். ஐரோப்பியர் கொண்டுவந்த பிறகே அது இங்கே வந்தது. அந்தப் பழமொழியை அதன் தலையில் சுமத்தக் கூடாது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தத் தவறு திரும்ப வராது. உருளைக்குப் பகல் வெயில் பெரிய பிரச்சினை இல்லை, இரவுச் சூடுதான் பிரச்சினை. இலை பகலில் சேர்த்த மாவுச்சத்து இரவில் கீழே இறங்கிக் கிழங்காக வேண்டும். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் அது நன்றாக நடக்கும். 22-ஐத் தாண்டினால் செடி சேர்த்ததையெல்லாம் தானே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடுகிறது, மிச்சத்தை இலைக்கும் தண்டுக்கும் அனுப்புகிறது. தொட்டி மண்ணின் சூடு 30-ஐத் தொட்டால் கிழங்கு பிடிப்பதே நின்றுவிடும். நம் ஆடியில் இரவு 26 டிகிரி. பகல் நீளமும் பன்னிரண்டரை மணி நேரம், அதுவும் கிழங்குக்கு எதிரானது. மார்கழி, தையில் இரவு 21-ஐ ஒட்டி இறங்குகிறது, பகலும் பதினொன்றரை மணி நேரமாகக் குறைகிறது. டெல்டாவில் உருளைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏற்ற காலம் அந்த ஏழெட்டு வாரம் மட்டுமே.

இனிக் கணக்குப் போடுங்கள். நட்ட 35, 40 நாளில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும். அந்த நாள் மார்கழிப் பாதிக்கும் தைப் பாதிக்கும் இடையில் விழ வேண்டுமென்றால், கார்த்திகை 10-க்கும் மார்கழி முதல் வாரத்துக்கும் இடையில் நட வேண்டும். ஐப்பசியில் நட்டால் அடைமழையில் விதை அழுகும். தையில் நட்டால் மாசி, பங்குனி வெயில் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் இடமில்லை.

“ஊட்டியில் ஆவணியிலும் நடுகிறார்களே” என்று கேட்பவர்களுக்கு: ஊட்டி 7,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே ஆண்டில் மூன்று போகம் எடுக்கலாம். மன்னார்குடி கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்.

ஆடி பிறந்ததும் கத்தரி, வெண்டை விதைகளோடு உருளை விதையையும் சேர்த்துக் கட்டி விற்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. முதல் முறை தோட்டம் போடுபவர்தான் அதை வாங்குகிறார். எழுபது நாள் தண்ணீர் ஊற்றிக் கோலிக்குண்டை எடுத்தவர், கை ராசியில்லை என்று தொட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். கையில் எந்தக் குறையும் இல்லை. அதே பைகளில், தழைச்சத்தைக் குறைத்து, கார்த்திகையில் நடுங்கள்.

*ஒரு தொட்டிக்கு எவ்வளவு கிடைக்கும்? — பாபநாசம்*

20 லிட்டர் பெயின்ட் வாளிக்கு ஒரு விதைக்கிழங்கு. எல்லாம் சரியாக அமைந்தால் 300 முதல் 500 கிராம். அதற்கு மேல் சொல்பவரை நம்பாதீர்கள்.

*மண் கலவை அளவு சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வயல் வண்டல் இருக்கிறது. — திருவாரூர்*

வயல் களிமண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். வயலில் சோறு போடும் மண்தான். ஆனால் தொட்டியில் நாலு தண்ணீருக்குள் செங்கல்லாக இறுகிவிடும். கிழங்குக்குப் பருக்க இடமிருக்காது, வேருக்குக் காற்றும் இருக்காது.

செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தென்னைநார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். வாளிக்கு வேப்பம்புண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் ஒரு கைப்பிடி. அடியில் விரல் நுழையும் அளவில் எட்டுத் துளை. பச்சைச் சாணம் கூடாது. அடுப்புச் சாம்பலும் கைப்பிடிக்கு மேல் கூடாது. அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றி, தோலில் சொறி நோய் வரவைக்கும். விதைக்கிழங்கைச் சாம்பலில் புரட்டி எடுக்கும் பழக்கத்தில் தவறில்லை, மண்ணில் கொட்டுவதுதான் தவறு.

முதலில் வாளியில் மூன்றில் ஒரு பங்கு கலவை. அதன் மேல் முளை மேல்நோக்கி இருக்குமாறு கிழங்கை வைத்து, மூன்று அங்குலம் மூடுங்கள். செடி முக்கால் அடி வந்ததும் பாதித் தண்டு மறையும்படி மண் அணையுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. அதற்குள் வாளி நிறைந்துவிடும். தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். இதை எந்தப் பயிருக்கும் சொல்வேன், உருளைக்கு இரண்டு முறை சொல்வேன்.

*டயர் மேல் டயராக அடுக்கி, உயர உயர மண் போட்டால் அடுக்கடுக்காகக் கிழங்கு பிடிக்கும் என்று காணொளியில் பார்த்தேன். செய்யலாமா? — பட்டுக்கோட்டை*

வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் தண்டுக் கணுவிலிருந்து ஓடுதண்டு பக்கவாட்டில் கிளம்பி, அதன் நுனிதான் கிழங்காகப் பருக்கிறது. குறுகிய கால ரகங்கள் இந்த வேலையை விதைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள், சில நாட்களில் முடித்துக்கொள்கின்றன. அதற்கு மேல் எத்தனை அடி மண் போட்டாலும் அது வெறும் மண். நமக்கு இருப்பதும் 80, 85 நாள் பயிர்தான். ஓரடி மண் போதும். கறுப்பு டயர் வெயிலை வாங்கி உள்ளே அனுப்பும் என்பது இன்னொரு கெடுதல்.

*மொட்டைமாடியில் கறுப்பு வளர்ப்புப் பைதான் இருக்கிறது. — தஞ்சாவூர்*

வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசுங்கள், அல்லது பழைய சாக்கைச் சுற்றுங்கள். காலை வெயில் ஐந்து மணி நேரம் விழுந்து, மூன்று மணிக்கு மேல் நிழல் வரும் கைப்பிடிச் சுவர் ஓரம் நல்லது. மண்ணுக்கு மேல் மூன்று விரல்கடை வைக்கோல் மூடாக்கு. குறுவையில் மிஞ்சிய பழைய வைக்கோலாகப் பாருங்கள். புது வைக்கோலில் ஒட்டியிருக்கும் நெல்லுக்கு எலி வரும். வந்த எலி கிழங்கையும் விடாது.

*ஊட்டிக் கிழங்கைத்தான் விதையாக வைக்க வேண்டும் என்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உறவினர் ஒரு மூட்டை கொண்டுவருகிறார். — மயிலாடுதுறை*

சமைத்துச் சாப்பிடுங்கள், விதைக்கு வைக்காதீர்கள். 1961-ல் நீலகிரி மண்ணில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கூடுகள் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஊர் மாறும், பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால்தான் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. நம் சூட்டில் அந்தப் புழு நிலைப்பது கடினம் என்பது உண்மைதான், ஆனாலும் தெரிந்தே ஒரு நோயை மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டியதில்லை. சமையலுக்குக் கழுவிய தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள்.

ரகம் கேட்டால், சூடு தாங்குவதற்கென்றே 2006-ல் வெளியான குஃப்ரி சூர்யா கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் ஆக்ரா பக்கத்திலிருந்து வரும் குளிர்கிடங்குக் கிழங்கே போதும். மாசி, பங்குனியில் அறுவடையாகிக் கிடங்கில் தூங்கியது கார்த்திகையில் வெளியே வந்தால் தானாக முளைக்கும்.

*என் உருளைச் செடி வாடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? — (ஊர் எழுதவில்லை)*

எந்த ஊர், நட்டு எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர், அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது: ஒன்றுமே எழுதாமல் மருந்து மட்டும் கேட்கிறீர்கள். இப்படி மருந்து சொல்வது நோயாளியைப் பார்க்காமல் ஊசி போடுவது போல. அடுத்த முறை இந்த நான்கையும் எழுதுங்கள்.

இப்போதைக்கு ஒரு சோதனை. வாடிய தண்டை அடியோடு வெட்டி, இரண்டு அங்குலத் துண்டைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், மக்குக் குழியில் போடாதீர்கள். அந்தத் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி வெயிலில் காயவையுங்கள். இழை இறங்காமல், வேர் பழுப்பாகக் குழைந்திருந்தால் தண்ணீர் அதிகம்.

எல்லோருக்கும்: கத்தரி, தக்காளி, மிளகாய் வைத்த மண்ணில் உருளை வைக்காதீர்கள். நான்கும் ஒரே குடும்பம், வாடல் நான்குக்கும் பொது.

*ஆழ்குழாய்த் தண்ணீர் கொஞ்சம் உவர். இலை ஓரம் கருகுகிறது. — வேதாரண்யம்*

உருளைக்கு உவர் ஆகாது. நீரில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 1 டெசிசைமனுக்குள் இருந்தால் ஊற்றலாம். உள்ளூர் மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து வைத்தால் நாலைந்து வாளிகளுக்குப் பாதிப் பயிர்க்காலம் ஓடும். மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் மழைநீரை ஊற்றி அடித் துளை வழியே ஓடவிடுங்கள்.

*போன தையில் நுனி இலைகள் சுருண்டு, அடிப்பக்கம் செம்பு நிறமாகிவிட்டது. வைரஸா? — திருத்துறைப்பூண்டி*

இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு அடிப்பக்கம் செம்பு நிறமானால் அது மஞ்சள் சிலந்திப்பேன். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக் கூடாது, இலை வெந்துவிடும். அடி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு தடித்து, தொட்டால் காகிதம் போலச் சலசலத்தால் அது வைரஸ். பிடுங்கிவிடுங்கள்.

*செடியில் தக்காளிப் பிஞ்சு போலக் காய்த்திருக்கிறது. சமைக்கலாமா? — திருவையாறு*

கூடாது. விஷம். பிள்ளைகள் கையில் படாமல் பறித்துப் புதையுங்கள்.

*எடுத்த கிழங்கில் பாதி பச்சையாக இருக்கிறது. வேகவைத்தால் சரியாகிவிடுமா? — கும்பகோணம்*

ஆகாது. பச்சை தெரிந்தால் சொலனின் என்ற நஞ்சும் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. ஓரத்தில் லேசாக இருந்தால் அந்தப் பகுதியைத் தடிமனாகச் சீவி எறியலாம். முழுதும் பச்சையென்றால் குப்பைக்கு. மாட்டுக்கும் போடாதீர்கள். கிழங்கு வெளிச்சம் கண்டதால் வந்த வினை இது: மண் சரியாக அணைக்கவில்லை, அல்லது தண்ணீர் ஊற்றி ஊற்றி மேல்மண் கரைந்துவிட்டது. மூடாக்கு போடுங்கள்.

*எப்போது எடுப்பது? அடுத்த ஆண்டு விதைக்கு எடுத்துவைக்கலாமா? — நாகப்பட்டினம்*

80 நாளுக்கு மேல் அடி இலை மஞ்சளாகும். தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரத்தில் தண்டை அறுத்து, மேலும் நாலைந்து நாள் விட்டால் தோல் இறுகும். மாசி வெயிலில் அதற்கு மேல் மண்ணில் விட்டால் கிழங்கு உள்ளே கறுக்கும். நிழலில் சாக்கு விரித்துக் கொட்டுங்கள், கழுவாதீர்கள். இருட்டான இடத்தில் நொச்சித் தழையோடு பரப்பினால் மூன்று, நான்கு வாரம் இருக்கும். மாசியில் எடுத்தது நம் வீட்டுச் சூட்டில் கார்த்திகை வரை தாங்காது. விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்குங்கள்.

*அப்படியானால் ஆடியில் தொட்டியில் வைக்க ஏற்ற கிழங்கே இல்லையா? — மன்னார்குடி, இன்னொரு வாசகி*

நல்ல கேள்வி. சிறுகிழங்கு இருக்கிறது. வைகாசியில் ஒரு சட்டியில் நாலு கிழங்கை முளைக்கவிட்டு, ஆடி, ஆவணியில் ஒரு சாண் கொடி நுனிகளை வெட்டி, 15 அங்குலப் பைக்கு மூன்றாக நடுங்கள். கொடி படரப் படர மண் அணைக்க வேண்டும். ஐந்து மாதத்தில், பொங்கலையொட்டி எடுத்துவிடலாம். சர்க்கரைவள்ளிக் கொடியும் இதே முறைதான், நான்கு மாதம். சேம்புக்கு ஈரம் பிடிக்கும். வைகாசியிலேயே வைத்துவிட வேண்டும். அது ஒன்றுக்கு மட்டும் கலவையில் வயல் வண்டலைப் பாதிவரை சேர்க்கலாம்.