38 கிலோமீற்றருக்கு எதற்குக் கால் மணித்தியாலம்?

கேள்வி: மகன் நோர்வேயின் வட முனையில், வாட்சோ என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை. வருகிற ஆனியில் எங்களைக் கூப்பிடுகிறார். ஒஸ்லோவிலிருந்து கிர்க்கெனெஸ், அங்கிருந்து வாட்சோவுக்குச் சின்ன விமானம். இன்டர்நெட்டில் பார்த்தால் இரண்டு விமான நிலையத்துக்கும் இடையில் 38 கிலோமீற்றர். ரிக்கெற்றில் 15 நிமிடம் என்று போட்டிருக்கிறது. காரில் வந்தால் 170 கிலோமீற்றருக்கு மேல் என்கிறார் மகன். இதில் எது சரி? இவருக்குச் சின்னப் பிளேன் என்றாலே பயம்.
- ஒரு வாசகி, முழங்காவில்

பதில்: மூன்றும் சரிதான் அம்மா.

முதலில் 38. பேரப்பிள்ளை பத்தாம் வகுப்பென்றால் கொப்பியை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே நெட்டாங்கில், ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றது. கிர்க்கெனெஸ் 69.73 பாகை வடக்கு, வாட்சோ 70.07. வித்தியாசம் 0.34. ஒரு பாகை அகலாங்கு 111 கிலோமீற்றர். பெருக்கினால் 38க்கு ஒரு துளி குறைய வரும்.

இனி 170. நடுவில் வராங்கர் என்ற கடல் வாய் நிலத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது. பாலம் இல்லை. கார் மேற்கே வராங்கர்பொத்ன் வரை போய், வாயின் அடியைச் சுற்றி, மற்றக் கரையால் திரும்பி வரவேண்டும். இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2011 தையில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்க முன்னம், பூநகரிக் கரையில் நின்று அக்கரையைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்குப் பரந்தன், ஆனையிறவு என்று சுற்றிப் போன ஆட்கள்தானே நாங்கள்.

அந்தத் தடத்தில் ஓடுவது டாஷ் 8 வகை, 39 இருக்கை, இரண்டு காற்றாடி. அதன் முழு வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு. அந்த வேகத்தில் 38 கிலோமீற்றர் ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனால் முழு வேகம் எடுக்க இடம் எங்கே? ஏறி முடிய முன்னமே இறங்கத் தொடங்கவேண்டும். அதைவிட, ரிக்கெற்றில் போடுவது பறக்கும் நேரம் அல்ல. நின்ற இடத்திலிருந்து சில்லு உருளத் தொடங்கி, மற்ற ஊரில் வந்து நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதை முனைவரை ஊர்வதும் அதற்குள்தான். பலாலியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 355 கிலோமீற்றர்தான், அதற்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போடுவது இதனால்தான்.

ஐயாவின் பயத்துக்கு ஒரு வார்த்தை. வாட்சோ ஓடுபாதை 1,000 மீற்றர் அளவுதான். குறுகிய ஓடுபாதைக்கென்றே தெரிந்தெடுத்த விமானம் அது. அந்தக் கரையோரச் சனம் 1974 முதல் இப்படித்தான் பறக்கிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லையா? ஆனியில் அங்கே சூரியன் மறையாது, வீதியில் பனி இராது. மகனைக் காரோடு கிர்க்கெனெஸுக்கு வரச் சொல்லுங்கள். ஐயாவை வலப்பக்கம் இருத்துங்கள். இரண்டு கரையிலும் கடல் அந்தப் பக்கம்தான்.

விமானம்தான் என்றால், ஒஸ்லோவிலிருந்து வாட்சோ வரை ஒரே ரிக்கெற்றாக எடுக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் பிந்தினால், அடுத்ததுக்கு நீங்கள்தான் திரும்பக் காசு கட்டவேண்டி வரும்.