வீடு மாறிய ஆண்டு நினைவில் ஏன் பிசகுகிறது? – கேள்வி பதில்

கேள்வி (ஆய்வு மாணவி): குடும்பங்கள் எந்தெந்த ஆண்டில் வீடு மாறின என்று கேட்டுத் தொகுத்து வருகிறேன், ஐயா. ஒரே வீட்டில் கணவர் ஓர் ஆண்டையும் மனைவி வேறோர் ஆண்டையும் சொல்கிறார்கள். யார் சொல்வதை ஏற்பது?

பதில்: பெல்ஜியத்தில் ஒவ்வொரு முகவரி மாற்றமும் மக்கள்தொகைப் பதிவேட்டில் ஏறுகிறது. தம்பதியர் நினைவிலிருந்து சொன்ன தேதிகளை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டு 1993இல் வெளியான ஆய்வு, மனைவியர் சொன்ன தேதிகளில் பிழை குறைவு என்று கண்டது. இதை வைத்துக் கணவர் சொன்னதை அடித்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள், சராசரி மட்டும் எடுக்காதீர்கள். பிறகு, “எதை வைத்து அந்த ஆண்டு என்று சொல்கிறீர்கள்?” என்று இருவரிடமும் கேளுங்கள். “மூத்தவள் பள்ளியில் சேர்வதற்கு முன்பே வந்துவிட்டோம்” என்று ஒருவர் சொன்னால், அந்தப் பதிலுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. வெறும் ஆண்டு எண்ணை விட அதையே நான் நம்புவேன்.

கேள்வி (களப்பணியாளர்): பலர் “ஐந்து வருடம்”, “பத்து வருடம்” என்றே சொல்கிறார்கள். இது பொய்யா?

பதில்: பொய்யல்ல, நினைவு மங்கும்போது மனம் முழு எண்களை நாடுகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, பழைய நிகழ்வொன்று அண்மையில் நடந்ததாகத் தோன்றி, நாம் கேட்கும் காலவரம்புக்குள் நுழைந்துவிடுவது. வீட்டுப் பழுதுபார்ப்புச் செலவுகளைப் பற்றி அமெரிக்காவில் நடந்து 1964இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முந்தைய நேர்காணலில் சொன்னவற்றை அடுத்த நேர்காணலில் நினைவூட்டி விலக்கினால் இப்பிழை குறையும் என்பதும் அதில் தெரிந்தது. ஒரே முறைதான் சந்திக்கிறீர்கள் என்றால், “கடந்த ஐந்தாண்டில்” என்பதற்குப் பதிலாக, அவர் தெளிவாக நினைவுகூரும் ஒரு நிகழ்வைச் சொல்லி “அதற்குப் பிறகு” என்று கேளுங்கள்.

கேள்வி: சில இடமாற்றங்கள் பதிலில் வராமலே போகின்றனவா?

பதில்: ஆம், என்னை மிகவும் வருத்துவது இதுவே. தவறான ஆண்டைப் பிற தகவல்களைக் கொண்டு ஓரளவு சரிசெய்யலாம். சொல்லப்படாத வீட்டைத் தேடிப் பிடிக்க வழியில்லை. மலேசியாவில் 1976இலும் 1988இலும் ஒரே நபர்களிடம் இடப்பெயர்வு வரலாறு கேட்கப்பட்டது. நெடுந்தொலைவு சென்றதும் நீண்ட நாள் தங்கியதும் இருமுறையும் பெரும்பாலும் ஒத்துவந்தன. சில மாதத் தங்கல்களே அதிகம் விடுபட்டன. ஆகவே, “அந்த வீட்டிலிருந்து நேராக இங்கே வந்தீர்களா, இடையில் உறவினர் வீட்டிலோ தற்காலிக அறையிலோ தங்கினீர்களா?” என்று ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் தனியே கேளுங்கள்.

கேள்வி: திருமணம், குழந்தைப்பேறு, வேலை, வீடு எல்லாவற்றையும் ஒரே கட்டத்தாளில் நிரப்பும் வாழ்க்கை நாட்காட்டி முறை பயன் தருமா?

பதில்: தரும். வழக்கமான வினாவரிசையோடு ஒப்பிட்டு 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வீடு மாறியதைப் பற்றிய பதில்கள் நாட்காட்டி முறையில் மேம்பட்டிருந்தன. ஆனால் பதிலளிப்பவர் முன்னும் பின்னும் தாவிப் பேசும்போது உடன் செல்லக் களப்பணியாளருக்குப் பயிற்சி வேண்டும். அதற்கான நாட்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.