செவிலியர் எழுதும் நோயறிதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இதயச் செயலிழப்பால் மருத்துவ வார்டில் சேர்க்கப்பட்டிருந்த என் அப்பாவின் செவிலியர் குறிப்பில், ‘உடலில் நீர் மிகுதி, உடலுழைப்பைத் தாங்க இயலாமை, கீழே விழும் அபாயம், படுக்கைப் புண் அபாயம்’ என்று நோயறிதல்கள் எழுதப்பட்டிருந்தன. மருத்துவர் சொல்லாதவற்றைச் செவிலியர் எழுதலாமா? அப்பா ஒருமுறைகூட விழவில்லையே?

எம்., தஞ்சாவூர்

அன்புள்ள எம்.,

எழுதலாம், அது அவர்கள் பணியின் மையம். மருத்துவர் நோயைக் கண்டறிகிறார். அந்த நோய் உங்கள் அப்பாவின் மூச்சையும் நடையையும் உறக்கத்தையும் தோலையும் எப்படிப் பாதிக்கிறது, அதில் எதைப் பராமரிப்பால் சரிசெய்ய முடியும் என்பதைச் செவிலியர் கண்டறிகிறார். 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாட்டில் இத்தகைய செவிலியர் நோயறிதல்களை வகைப்படுத்தும் பணி தொடங்கியது. செவிலியர்கள் பயன்படுத்தும் ‘நான்டா’ என்ற நோயறிதல் பட்டியல் அதிலிருந்து வளர்ந்ததே. வலி, தொற்று அபாயம், பதற்றம், நோயைப் பற்றிய அறிவுக் குறைவு ஆகியவையும் மருத்துவ வார்டுகளில் அடிக்கடி எழுதப்படுபவை.

‘அபாயம்’ என்று குறிப்பவை, நடக்கக்கூடியதைத் தடுப்பதற்காக முன்கூட்டியே எழுதப்படுகின்றன. அப்பாவுக்கு எழுதிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்காதபோது உடலில் நீர் தேங்குகிறது. அதை வெளியேற்றத் தரப்படும் நீர் மாத்திரையால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது. நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும் ஒருவர், படுக்கையிலிருந்து சட்டென எழும்போது இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்ற, நள்ளிரவில் யாரையும் எழுப்ப மனமில்லாமல் தனியே கழிப்பறைக்குக் கிளம்புகிறார். விழக்கூடிய நேரம் அதுதான். பயந்து படுத்தே கிடந்தாலோ, நீர் கோத்து வீங்கிய தோல் இடுப்பின் அடியில் அழுந்திப் புண்ணாகலாம். இதைக் கணிக்க உதவும் பிரேடன் அளவுகோலில் உணர்திறன், ஈரம், நடமாட்டம், உணவு உள்ளிட்ட ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். மொத்தம் 23இல் 18 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அபாயம் என்று கொள்வது வழக்கம்.

நம் ஊரில் இரவெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவர்கள் குடும்பத்தினரே. அவர்களுக்கு விளக்கப்படாமல் இக்குறிப்புகள் கோப்போடு நின்றுவிடுவது பெருங்குறை என்றே கருதுகிறேன். நீங்கள் தயங்காமல் செவிலியரிடம் கேட்டிருக்கலாம், இப்போதும் கேட்கலாம்.

வீட்டில் அப்பாவை எழுந்ததும் சற்று நேரம் கட்டிலில் உட்காரவைத்து, பிறகு நிற்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால், வீக்கம் தெரியும்வரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.