பல்கலைக்கழக ஆய்வை வகுப்பறைக்குக் கொண்டுவர ஒரு காகிதச் சக்கரம்

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். இப்போது பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வு ஒன்றை ஒட்டி, ஆய்வகம் இல்லாமல், இரண்டு பாடவேளைகளுக்குள் மாணவர்களே செய்யக்கூடிய செயல்பாடு உண்டா?

பதில்: உண்டு. ஆனால் ஆய்வின் முடிவைத் தெர்மாகோலில் மாதிரியாகச் செய்து காட்டுவதை நான் செயல்பாடு என்று சொல்லமாட்டேன். ஆய்வாளர்கள் கேட்ட கேள்வியையே மாணவர்களும் கேட்டு அளந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். அதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கி 2017-இல் வெளியிட்ட காகித மையவிலக்கி மிகவும் பொருந்தும்.

இரத்தத்தைச் சுழற்றி அதன் கூறுகளைப் பிரிக்கும் வழக்கமான மையவிலக்கி இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். அது இல்லாத ஊர்களுக்காக, இரு துளைகளில் நூல் கோத்து இழுத்துச் சுழற்றும் பழைய விளையாட்டுச் சக்கரத்தின் இயக்கத்தை அவர்கள் கணக்கிட்டு ஆராய்ந்தார்கள். நம் ஊரில் சோடா மூடியைத் தட்டையாக்கிச் சுழற்றுவோமே, அதுதான். ஏறத்தாழ 2 கிராம் எடையும் 20 அமெரிக்க சென்ட் செலவும் கொண்ட அந்தக் காகிதக் கருவி, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை ஒன்றரை நிமிடத்தில் பிரித்தது. அவர்கள் எட்டிய உச்ச வேகம் நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுகள்.

வகுப்பில் இரத்தம் வேண்டாம், களிமண் கலங்கல் போதும். களிமண்ணை நீரில் கரைத்து, பத்து நிமிடம் கழித்து மேலே நிற்கும் கலங்கலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய டிரிப் குழாயை 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, கலங்கலை நிரப்பி, நுனிகளைத் துடைத்து எம்-சீல் வைத்து அடைத்து, கெட்டிப்படும் வரை விட வேண்டும். இதை முதல் நாளே முடித்துவிடுவது நல்லது. பழைய அழைப்பிதழ் அட்டையில் 10 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டி, மையத்துக்கு இருபுறமும் சம தொலைவில் துளையிட்டு நூல் கோத்த பின், மையத்திலிருந்து விளிம்பை நோக்கி எதிரெதிராக இரு குழாய்களை டேப்பால் இறுக ஒட்டுங்கள். எடை சமமாக இல்லாவிட்டால் சக்கரம் அதிரும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாத எவரும் அருகில் நிற்கக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே கலங்கல் நிரப்பிய ஒரு குழாயைச் சுழற்றாமல் நிமிர்த்தியே வைக்க வேண்டும், ஏனெனில் படுக்க வைத்தால் மண் சில மில்லிமீட்டர் இறங்கினாலே பக்கச் சுவரில் படிந்துவிடும், ஒப்பீடு பொய்யாகும். நிமிர்ந்த குழாய் தெளிய மணிக்கணக்கில் ஆகும். சுழன்ற குழாயிலோ இரண்டு மூன்று நிமிடங்களில் வெளி நுனியில் மண் ஒதுங்குவதைக் காணலாம். “சக்கரம் திசை மாறி மாறிச் சுழல்கிறதே, மண் ஏன் திரும்பி வரவில்லை?” என்று ஒரு மாணவராவது கேட்பார். எந்தத் திசையில் சுழன்றாலும் துகள் ஒதுங்குவது வெளிப்பக்கமே என்பதை உடனே சொல்லிவிடாதீர்கள். வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வேகத்தை அளக்கச் சக்கரத்தில் ஒரு கோடு வரைந்து, நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசியில் பதிவு செய்யலாம். ஒரு சுற்றுக்கு ஐந்து படங்கள் வந்தால் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றுகள்; அந்த வேகத்தில் மையத்திலிருந்து 4 செ.மீ. தொலைவிலுள்ள துகள், புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 400 மடங்கு விசையை உணரும். வேகம் 7,200-ஐத் தாண்டினால் கோடு பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரியும் என்பதால், அதற்கு மேல் இந்த முறையை நம்ப வேண்டாம்.

இரண்டாம் பாடவேளையில் குழுவுக்கு ஒரு விட்டம் கொடுங்கள்: 6, 8, 10, 12 செ.மீ. விட்டம் குறையும்போது வேகம் கூடும் என்றே பலரும் ஊகிப்பார்கள்; ஆனால் துகள் உணரும் விசை வேகத்தின் இருமடியோடும் ஆரத்தோடும் சேர்ந்து மாறுவதால், வேகமான சக்கரம்தான் நன்றாகப் பிரிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 6 செ.மீ. சக்கரத்துக்கு 3 செ.மீ. குழாய் பொருந்தாது, எல்லாக் குழுக்களுக்கும் 2 செ.மீ. துண்டுகளையே கொடுத்துவிடுங்கள்.