கேம் ஷாஃப்ட் தேய்வும் எண்ணெய்ப் பற்றாக்குறையும்: மலைப்பாதை வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (குன்னூர்): ஐயா, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் ஆயில் லைட் மினுக்கி அணைகிறது. தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு, எண்ணெய் அழுத்தம் ஏறத்தாழ அரை பார் (அழுத்த அலகு) அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிய பிறகே எரியும். அதற்குள் எண்ணெய்ப் பாதையின் கடைக்கோடியில், என்ஜினின் மேற்பகுதியான ஹெட்டின் மேல் சுழன்று வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் எண்ணெயின்றிப் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடும். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால், வளைவிலும் ஏற்றத்திலும் எண்ணெய் சம்பின் (என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறது. அளவு சரியாக இருந்தும் மினுக்கினால், ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அங்கே கேஜ் மாட்டி, என்ஜின் நன்கு சூடேறிய பின் ஐடிலிங்கிலும் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலும் அழுத்தத்தை அளந்து, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி (உதகை): காலையில் ஸ்டார்ட் செய்ததும் டேப்பட் சத்தம் கேட்கிறது. எண்ணெய் மூடிக்கு அடியில் வெண்ணெய் போன்ற படிவும் இருக்கிறது. ஹெட் கேஸ்கட் (ஹெட்டின் அடியிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதா, அண்ணா?

பதில்: ஹைட்ராலிக் டேப்பட் (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் வால்வு உறுப்பு) உள்ள என்ஜினில் ஓரிரு நொடி சத்தம் இயல்பானது, சூடேறிய பிறகும் நீடித்தால் மேல் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். கூலண்ட் குறையாவிட்டால், அந்தப் படிவு பெரும்பாலும் குளிரில் குறுந்தொலைவு மட்டுமே ஓட்டுவதால் உள்ளே தங்கிய ஈரமாகவே இருக்கும். வாரம் ஒருமுறையாவது என்ஜின் முழுச்சூட்டில் நெடுநேரம் ஓடட்டும். சத்தத்தை அடக்குவதற்காகக் கெட்டியான எண்ணெய் ஊற்றாதீர்கள். உறைபனி விழும் மார்கழி, தை விடியலில் அது மேலே ஏறத் தாமதமாகும்.

கேள்வி (கோத்தகிரி): கேம் தேய்ந்துவிட்டது, புதிய கேம் போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். சரிதானா?

பதில்: எண்ணெய் ஏன் வரவில்லை என்று கண்டறியாமல் போடப்படும் புதிய கேமும் அதே வழியில்தான் போகும். முதலில் சம்பை இறக்கி, உறிஞ்சுகுழாய் முனையின் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். கசடு மட்டுமல்ல, முன்பு சம்பு ஒட்டியபோது அளவுக்கு மீறிப் பூசிய கேஸ்கட் பேஸ்ட்டின் துணுக்குகளும் அதை அடைத்திருக்கும். இது நம் பட்டறைகளில் எளிதாகத் தவிர்க்கக்கூடிய சேதம் என்பதால் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள்: காந்தத்தில் ஒட்டும் தூள் எஃகிலிருந்தோ வார்ப்பிரும்பிலிருந்தோ வந்தது, ஒட்டாத வெள்ளித் துகள் பெரும்பாலும் அலுமினியம், செம்பு நிறம் தெரிந்தால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) பேரிங்கும் அடிபட்டிருக்கலாம். ஆகவே ஒரு பேரிங் மூடியையாவது கழற்றிப் பார்க்காமல் என்ஜினை மூடக் கூடாது.

பல கார்களில் கேம் நேரடியாக அலுமினிய ஹெட்டிலேயே சுழல்கிறது. தனி பேரிங் கிடையாது. விரல் நகத்தில் தட்டும் அளவுக்கு அங்கே கோடு விழுந்திருந்தால், லைன் போரிங் (கேம் துளைகளை ஒரே நேர்கோட்டில் மீண்டும் கடைதல்) செய்யவோ ஹெட்டையே மாற்றவோ நேரும். கேம் மூடிகளை அந்த ஹெட்டோடு சேர்த்தே கடைந்திருப்பார்கள் என்பதால், அவற்றை இடம் மாற்றிப் போடவோ வேறு ஹெட்டிலிருந்து எடுத்துப் பொருத்தவோ கூடாது. தேய்ந்த ராக்கர்களையும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்கள்) டேப்பட்டுகளையும் கேமோடு சேர்த்தே மாற்றுங்கள். எண்ணெய்த் துளைகள் அனைத்தையும் கழுவிக் காற்றடித்தபின், எரிபொருளைத் துண்டித்து, கேஜில் அழுத்தம் தெரியும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றிய பிறகே என்ஜினை உயிர்ப்பிக்க வேண்டும்.

கேள்வி (பெருமாள்மலை): வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது இரண்டாம் கியரில் என்ஜின் பிரேக் பிடிப்பது கேமைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்காது. சுற்று வரம்பை மீறாமல், எண்ணெய் அளவும் சரியாக இருந்தால் பம்ப் போதிய அழுத்தம் தரும்.

கேள்வி (கொடைக்கானல்): பழைய பெட்ரோல் ஜீப்புக்குப் புதிய கேமும் டேப்பட்டும் போட்டிருக்கிறோம். எப்படிப் பழக்குவது?

பதில்: அதில் இருப்பவை தட்டையான டேப்பட்டுகள். கேம் மேடுகளிலும் டேப்பட் முகங்களிலும் அசெம்பிளி பேஸ்ட் (பொருத்தும்போது தடவும் மசகு) பூசி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல் 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் சுமார் இருபது நிமிடம் ஓட்டுங்கள். கிராங்க் சிதறடிக்கும் எண்ணெய்தான் மேடுகளை நனைக்கிறது, மெதுவான ஓட்டத்தில் அது போதாது. அழுத்தம் குறைந்தாலோ தண்ணீர் கொதித்தாலோ உடனே அணையுங்கள். முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.