பழுப்பு மட்டும் ஏன் அரித்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க நெப்ராஸ்கா வந்திருக்கிறேன். லிங்கன் நகரில் உள்ள சர்வதேசக் குயில்ட் அருங்காட்சியகத்துக்குப் போனோம். குயில்ட் என்றால் துணித் துண்டுகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சும் அடியில் இன்னொரு துணியும் வைத்துத் தைத்த போர்வை. உள்ளே ஒரே மங்கல் வெளிச்சம். நான் பார்த்தவற்றில் பெயரோ வருஷமோ தைத்திருக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் உள்ள விவர அட்டையில் காலத்தை எழுதி வைத்திருக்கிறார்கள், எப்படித் தெரியும்? ஒரு குயில்ட்டில் பழுப்புத் துண்டுகள் மட்டும் அரித்துப்போய் உள்ளே பஞ்சு தெரிந்தது. ஒட்டினாற்போல் இருந்த சிவப்புத் துணியோ நேற்று வாங்கியதுபோல இருந்தது. பூச்சி வேலையா? மறுபடி போவதாக இருக்கிறோம், எதைப் பார்க்க வேண்டும்? சம்பந்தி வீட்டிலும் பழைய குயில்ட் ஒன்று பிளாஸ்டிக் பையில் கிடக்கிறது. அதை என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பூச்சி இல்லை. பூச்சியாக இருந்தால் தையல் கோட்டோடு நின்றிருக்காது, பக்கத்துத் துண்டையும் ஒரு கை பார்த்திருக்கும். துணியைத் தின்றது சாயம்தான். அந்தக் காலத்தில் அடர்பழுப்பும் கறுப்பும் பெரும்பாலும் இரும்பு உப்பும் துவர்ப்புச் சரக்கும் சேர்ந்து வந்த நிறங்கள். இரும்பு நூலிழையிலேயே தங்கி, காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து பருத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக இற்றுப்போகச் செய்யும். சிவப்புச் சாயம் துணியில் பிடிக்கப் போட்டது படிகாரம். அது துணியை இப்படிப் படுத்தாது. அதிலும் துருக்கிச் சிவப்பு என்றால் எண்ணெய், படிகாரம், மஞ்சிட்டி என்று பல முறை முக்கி எடுத்தது. துவைத்தாலும் வெயிலில் போட்டாலும் லேசில் அசையாது.

இந்தக் கதை நம் கரைக்கும் உரியது. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சீட்டித் துணிகளில் கடுக்காய் ஊட்டிய துணிமேல், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வைத்த நீரால் கறுப்புக் கோடு போடுவார்கள். சிவப்பு, படிகாரமும் சாயவேரும் சேர்ந்து வந்தது. இன்று அருங்காட்சியகங்களில் அந்தத் துணிகளைப் பார்த்தால் பூவிதழின் சிவப்பு அப்படியே இருக்கும், அதைச் சுற்றிய கறுப்புக் கோடு பல இடங்களில் உதிர்ந்திருக்கும். அந்தச் சீட்டியிலிருந்து பூவையும் பறவையையும் கத்தரித்து வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்த குயில்ட்டுகளும் உண்டு. கண்ணில் பட்டால் கோட்டோரத்தைப் பாருங்கள்.

காலக் கணிப்புக்கு வருவோம். முதல் விதி: ஒரு குயில்ட்டில் உள்ள ஆகப் புதிய துணிதான் கணக்கு. பழைய துண்டைப் பாட்டி 30 வருஷம் பெட்டியில் வைத்திருக்கலாம், நாளைக்கு வரப்போகிற துணியை எடுத்துத் தைக்க முடியாது. ஆங்கில வேதியியலாளர் பெர்க்கின் 1856இல் கண்டுபிடித்த செயற்கை ஊதாச் சாயம் ஒரு துண்டில் இருந்தாலும் போதும், அந்தக் குயில்ட் அதற்கு முந்தியது அல்ல. பச்சையும் நல்ல சாட்சி. நீலத்தின்மேல் மஞ்சள் ஏற்றிய பழைய பச்சையில் மஞ்சள் முதலில் போய்விட, இலைகள் நீலம் பாய்ந்து நிற்கும். 1870களுக்குப் பின் வந்த மலிவான செயற்கைப் பச்சைகள் வெளுத்துக் காக்கியாகிவிட்டன. சிவப்புப் பூவுக்குக் காக்கி இலை என்று யாரும் ஆசைப்பட்டுத் தைத்ததில்லை.

பிரிட்டிஷ் துணியில் இன்னொரு துப்பு உண்டு. 1774ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கேயே நெய்த முழுப்பருத்தித் துணியின் கரையில் மூன்று நீல நூல் ஓட வேண்டும், 1811 வரை இந்த விதி இருந்தது. கரையோடு ஒரு துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் மேல்துணியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 1880களில் துண்டு சேர்த்து அப்படியே மடித்து வைத்ததை 1930களில் வேறொருவர் பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைத்து முடித்திருக்கலாம். அதனால் அடித்துணி, நூல், ஓரப்பட்டி மூன்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். பஞ்சில் விதைத்தூள் தெரிந்தால் 1793இல் வந்த பஞ்சு அரைவை இயந்திரத்துக்கு முந்தியது என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல, இயந்திரம் வந்த பிறகும் தூளோடு பஞ்சு விற்றது. வேண்டுமென்றே ஒரு பிழை வைத்துத் தைத்தார்கள், தப்பியோடிய அடிமைகளுக்கு ரகசியக் குறி வைத்தார்கள் என்பவையும் கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம்தான் இல்லை.

வெளிச்சத்தைக் குறை சொல்லாதீர்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, துணிக்கு 50 லக்ஸ் என்பதே அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், ஓய்வு கொடுத்தால் ஆறுவதில்லை. 1841இல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகருக்குப் போன ‘ராஜா’ கப்பலில் பெண் கைதிகள் தைத்த 2,815 துண்டுக் குயில்ட் கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இந்தக் காரணத்தால்தான் அதை எப்போதாவது மட்டுமே வெளியே எடுக்கிறார்கள். அதில் வருஷத்தைத் தைத்தே வைத்திருக்கிறார்கள், ஊகத்துக்கு வேலையில்லை.

மறுபடி போகும்போது கண் பழகப் பத்து நிமிஷம் கொடுங்கள். முதலில் மூன்று மீட்டர் தள்ளி நின்று முழு அமைப்பைப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் போய் நில்லுங்கள், நேரே நின்றால் தெரியாத தையல் மேடுபள்ளம் அங்கிருந்து தெரியும். ஓட்டுத்தையலை எண்ணுங்கள்: கட்டைவிரலின் மேல்கணு சுமார் ஓர் அங்குலம், அதைத் துணியில் வைக்காமல் தள்ளிப் பிடித்து உத்தேசமாகத்தான் எண்ண முடியும். மேலே தெரிவதை மட்டும் எண்ணினால் அங்குலத்துக்கு எட்டு முதல் பத்து நல்ல கை, பன்னிரண்டுக்கு மேல் அபாரம். ஒரு மூலையில் பத்து, எதிர் மூலையில் ஆறு என்றால் பல பேர் சுற்றி உட்கார்ந்து தைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். பட்டுத் துண்டுகள் நீளவாக்கில் கோடுகோடாகக் கிழிந்திருந்தால் அது வெள்ளீய உப்பேற்றிய பட்டு. பட்டிழையின் இயற்கைப் பசையை நீக்கும்போது குறைந்த எடையை ஈடுகட்ட ஏற்றிய உப்பு அது. எடைக்கு விற்ற சரக்கு, விளைவு இப்போது தெரிகிறது.

சம்பந்தி வீட்டுக் குயில்ட்டை முதலில் பிளாஸ்டிக்கிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், உள்ளே ஈரம் தங்கும். ஆள் படுக்காத கட்டிலும் இருட்டறையும் இருந்தால் விரித்தே வைப்பது உத்தமம். மடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். மடிப்புக்குள் துணியை உருட்டி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை வேறு கோட்டில் மடியுங்கள். மரப்பெட்டியில் நேரடியாகப் படக் கூடாது, மரத்தின் அமிலம் கறையாக இறங்கும். வாஷிங் மெஷின் கூடவே கூடாது. சாயம் இறங்குவது ஒரு பக்கம், நனைந்த பஞ்சின் கனத்திலேயே பழைய தையல் அறுந்துவிடும். தூசிக்கு நைலான் வலையை மேலே விரித்து, வாக்குவம் கிளீனரை ஆகக் குறைந்த இழுப்பில் ஓட்டினால் போதும். பழுப்பு இற்றிருந்தால் புதுத்துணி மாற்ற வேண்டாம். அதே நிறத்தில் மெல்லிய வலைத்துணி வாங்கி மேலே போர்த்தி, இற்ற துணியில் ஊசி குத்தாமல் சுற்றியுள்ள நல்ல துணியில் மட்டும் இடைவெளி விட்டுத் தையுங்கள். நூலை இழுத்து இறுக்கக் கூடாது.